ஆசீரின் படகுக்கு நான் போட்ட மார்க்

ஆசீர் இறந்துபோன செய்தி வந்தபோது நான் செய்முறைத் தேர்வு நடத்திக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு பிள்ளைகள் பன்னிரண்டு கணினிகளின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். தொலைபேசியில் அண்ணாச்சி. எங்கள் கணினிப் பயிற்சி மையத்தின் சொந்தக்காரர் அவர். கீழே அவருக்கு ஒரு நோட்டுப் புத்தகக் கடை, மாடியில் நாங்கள். கீழே இருந்துகொண்டே மேலே போன் செய்கிறாரே என்று எரிச்சலோடுதான் எடுத்தேன். "நம்ம ஆசீரு போயிட்டாருவே" என்றார். மாடி ஏறி வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவருக்குத் தெம்பு இல்லை என்று பிறகு புரிந்தது. தேர்வை நிறுத்தவில்லை. நேரம் முடியும்வரை பிள்ளைகளின் நடுவே நடந்துகொண்டே இருந்தேன். என்ன பார்த்தேன், யாருக்கு என்ன எழுதிப் போட்டேன் என்று கேட்டால் இன்றைக்கும் தெரியாது.

மஞ்சள்காமாலை. ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்திருக்கிறார். சேர்த்த மறுநாளே எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை போவோம் என்று நினைத்தேன். அந்த ஞாயிறு மழை. அடுத்த ஞாயிறு போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மழையாவது ஒன்றாவது. எனக்குப் போக முகம் இல்லை, அதுதான் உண்மை. நாலு வருஷமாக நாங்கள் வழியில் பார்த்தால் தலையசைத்துக்கொள்வோம், அவ்வளவே. ஏன் அப்படி ஆனது என்பது அவரைத் தெரிந்த பலருக்குத் தெரியாது. தெரியாத வரைக்கும் அவரைப் பற்றி ஒரு தப்பான எண்ணம் பாளையங்கோட்டையில் உலாவிக்கொண்டே இருக்கும். அஞ்சலி எழுதுகிறவன் தன்னைப் பற்றி அதிகம் பேசக் கூடாது என்பார்கள். என்னால் அந்த மரியாதையைக் காப்பாற்ற முடியாது, மன்னிக்கவும்.

நானும் அவரும் ஒரே மாதத்தில் அந்த மையத்தில் சேர்ந்தோம். இரண்டு பேருக்கும் ஒரே சம்பளம், ஒரே வயது, ஆளுக்கொரு பழைய சைக்கிள். அவர் என்னை 'வே' போட்டுத்தான் கூப்பிடுவார், நானும் அப்படியே. பாடம் முடிந்த பிறகு பிள்ளைகள் அரை மணி நேரம் கேம் ஆடலாம் என்று அண்ணாச்சி ஒரு சலுகை கொடுத்திருந்தார். கார்ப் பந்தயம், துப்பாக்கிச் சண்டை, அது இது என்று யார் யாரோ ஃப்ளாப்பியில் கொண்டுவந்து ஏற்றியிருப்பார்கள். ஆசீர் கார்ப் பந்தயம் ஆட உட்கார்ந்தால் பார்க்க வேண்டும். திருப்பத்தில் வேகத்தைக் குறைப்பார். முன்னால் போகிற காரை இடிக்காமல் பின்னாலேயே பைய ஊர்ந்து போவார். ஒவ்வொரு தடவையும் கடைசி. "சார் லைசென்ஸ் எடுக்க வந்திருக்காரு" என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் அடுத்த தடவையும் அப்படித்தான் ஓட்டுவார்.

அவர் சொந்தமாக ஒரு கேம் எழுத ஆரம்பித்தது அந்தக் காலத்தில்தான். ஏழெட்டு மாதம் எழுதினார். நிரல் எழுதுவது பெரிய காரியமில்லை, நாங்கள் இருவரும் அதைத்தானே சொல்லிக்கொடுத்தோம். அவருக்கு நாள் பிடித்தது தமிழ் எழுத்துக்குத்தான். கணினியில் அப்போது எங்களுக்குத் தமிழ் கிடையாது. கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு எழுத்தையும் வரைந்து, எந்தெந்தக் கட்டம் கறுப்பு என்று எண்ணி, புள்ளி புள்ளியாகத் திரையில் ஏற்றினார். 'ஆ' ஒன்றுக்கே ஒரு வாரம் ஆனது. எதற்குவே இந்தப் பாடு, இங்கிலீஷில் எழுதிவிட்டுப் போம் என்றேன். "அந்த ஆளுக இங்கிலீஷ்ல கூப்பிடலவே" என்றார்.

அந்த ஆளுகள் யார் என்றால், ஆற்று வெள்ளம் ஊருக்குள் புகுந்த வருஷம் ஓட்டின் மேலும் கூரையின் மேலும் நின்றவர்கள். தாமிரபரணி அப்படி வருமென்று யாரும் நினைத்ததில்லை. புன்னக்காயலிலிருந்து மீனவர்கள் படகோடு வந்தார்கள். சர்ச்சிலிருந்து ரொட்டி கொண்டுபோன ஆசீர் அவர்களோடு ஒரு படகில் ஏறிக்கொண்டார். படகில் ஆறு பேருக்குத்தான் இடம். ஓர் ஊரில் சுடலைமுத்து என்கிற விவசாயி கூரை மேல் ஓர் ஆட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். ஆடு வந்தால்தான் நான் வருவேன் என்று ஒரே பிடிவாதம். ஆட்டை ஏற்றினால் பக்கத்து வீட்டில் நிற்கிற பெண்பிள்ளைக்கு இடம் இல்லை. அந்தப் பெண்ணை ஏற்றிக்கொண்டு இவரை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். திரும்பி வர மத்தியானம் ஆகிவிட்டது. நல்லவேளை, மனிதர் ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு அங்கேயே நின்றிருக்கிறார். ஏறினதும் ஆசீரைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார். அதற்குப் பிறகு இருவரும் ரொம்பச் சிநேகம். பிழைத்ததற்கு நேர்ந்துகொண்டு, சுடலைமுத்து ஒவ்வொரு வருஷமும் குலசேகரன்பட்டினம் தசராவுக்கு விரதமிருந்து ராஜா வேஷம் கட்டுவார் என்றும் ஆசீர் சொன்னார்.

கேம் இதுதான். நீங்கள் படகோட்டி. கூரைகளில் ஆட்கள் நிற்பார்கள். படகு பக்கத்தில் போனால் அவர்கள் ஒரு வாக்கியம் சொல்வார்கள், அது தமிழில் திரையில் வரும். எல்லாம் ஆசீர் காதால் கேட்ட வாக்கியங்கள். ஆறு பேர்தான் ஏறலாம். யாரை ஏற்றுகிறீர்கள், யாரை விடுகிறீர்கள் என்பது உங்கள் பாடு. திரும்பி வரும்போது சில கூரைகளில் ஆள் இருக்கும், சிலவற்றில் கூரையே இருக்காது. மார்க் கிடையாது. ஜெயிப்பது தோற்பது எதுவும் கிடையாது. எனக்கு அது விளங்கவில்லை. மார்க் இல்லாமல் எவன்வே ஆடுவான் என்று கேட்டேன்.

"அன்னைக்கு நாங்க செஞ்சது சரியா தப்பான்னு எனக்கே இன்னும் தெரியலவே" என்றார் ஆசீர். "அதுக்கு எத்தனை மார்க்குன்னு கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?"

இன்னொரு நாள் சொன்னார். வேஷம் கட்டுகிற சுடலைமுத்து அதற்காக நாற்பத்தொரு நாள் விரதமிருக்கிறார், நம் பிள்ளைகளுக்கு ஒரு விசையைத் தட்டினால் வேஷம் கிடைத்துவிடுகிறது, அதனால் அந்த வேஷத்துக்குள் போனதும் யோசிக்க ஏதாவது இருக்க வேண்டாமா என்று. நான் தலையாட்டினேன். புரிந்தா தலையாட்டினேன்? ஒன்றும் இல்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது.

அந்த வருஷம் விஜயதசமிக்குப் புதுப் பிள்ளைகளைச் சேர்க்க மையத்தைத் திறந்துபோட்டு, வருகிறவர்கள் எல்லாரும் இலவசமாகக் கேம் ஆடலாம் என்று அண்ணாச்சி முடிவு செய்தார். அன்றைக்குத் தொடங்கினால் படிப்பு வளரும் என்று ஊரே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அலைகிற நாள். "பாளையங்கோட்டைக்காரன் போட்ட கேமுன்னு சொன்னா கூட்டம் வரும்வே" என்றார். ஆசீரிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். பிறகு ஃப்ளாப்பியைக் கொடுத்தார். இன்னொரு பிரதி வைத்திருந்தது பூஞ்சை பிடித்துப் போய்விட்டது, இது ஒன்றுதான் இருக்கிறது, பத்திரம் என்றார். எதையும் மாற்றிவிடாதேயும் என்றும் சொன்னார். சரி என்றேன். லீவுக்கு நாசரேத்தில் அம்மா வீட்டுக்குப் போனார்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மத்தியானம், சரி பார்ப்போம் என்று ஐந்து மாணவர்களை உட்காரவைத்து ஆடச் சொன்னேன். இரண்டு ஆட்டம் ஆடினார்கள். மார்க் எங்கே சார் என்று கேட்டார்கள். எழுந்து கார்ப் பந்தயத்துக்குப் போய்விட்டார்கள். எனக்குக் கை அரித்தது. ஓர் ஆளை ஏற்றினால் பத்து மார்க் என்று ஒரு வரி சேர்த்தேன். சத்தியமாக நல்லெண்ணத்தில்தான் சேர்த்தேன். வந்தார்கள், ஆடினார்கள், மறுபடியும் எழுந்தார்கள். அப்போது ஒருவன் தெரியாமல் படகைக் கூரையின் மேலேயே விட்டுவிட்டான். நிரலில் ஏதோ ஓட்டை, ஆட்டுக்காரர் திரையிலிருந்து தொபுக்கென்று மறைந்துபோனார். ஐந்து பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று நாற்காலிக்கு அடித்துக்கொண்டார்கள்.

அந்தச் சிரிப்பைக் கேட்டேன் பாருங்கள், அங்கே விழுந்தேன் நான். ஆட்டுக்காரரை இடித்தால் ஐம்பது என்று எழுதினேன். தண்ணீரில் விழும்போது ஒரு சத்தமும் வைத்தேன். மற்றவர்களை இடித்தால் இருபது. அன்று சாயங்காலம் வரைக்கும் ஒரு பயல் வீட்டுக்குப் போகவில்லை. மறுநாள் பூஜை. எல்லாக் கணினிக்கும் சந்தனம் குங்குமம் வைத்து மூடிவிடுவோம், அன்றைக்குத் தொடக் கூடாது என்பது அண்ணாச்சியின் கண்டிப்பு. அதனால் அன்றே முடித்துவிட வேண்டும் என்ற அவசரம். அவசரத்தில் அதே ஃப்ளாப்பியில், அதே பெயரில் சேமித்தேன். பழையதை அழித்துவிடட்டுமா என்று கேட்கிற பழக்கம் அந்த மென்பொருளுக்கு இல்லை. பழையதன் மேலேயே சேமிக்காதே என்பதுதான் தினமும் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம். ஆசீரின் படகு அந்த ஒரு நொடியில் இல்லாமல் போய்விட்டது. எனக்கு அது உறைக்கக்கூட இல்லை.

விஜயதசமி காலையில் கூட்டம் மாடிப்படி வரை நின்றது. அண்ணாச்சிக்குத் தலைகால் புரியவில்லை, எல்லாருக்கும் பொரிகடலை அள்ளி அள்ளிக் கொடுத்தார். பத்து மணி வாக்கில் ஆசீர் வந்தார். கூடவே ராஜா வேஷத்தில் ஒருவர். அட்டைக் கிரீடம், முகத்தில் சிவப்புப் பூச்சு, கையில் காணிக்கைத் தட்டு. சுடலைமுத்துதான். அவருடைய தசராக் குழு பாளையங்கோட்டைக் கடைத்தெருவில் காணிக்கை எடுத்துவிட்டு அன்று மத்தியானம் குலசேகரன்பட்டினத்துக்கு வண்டி ஏறுவதாக இருந்தது. உம்மைக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறேன், வந்து பாரும் என்று ஆசீர் ஆசை ஆசையாகக் கூட்டி வந்திருக்கிறார். வேஷம் கட்டியவருக்குப் பிள்ளைகள் மரியாதையாக வழிவிட்டார்கள். முன்னால் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள்.

ஆடிக்கொண்டிருந்தவன் எட்டாவது படிப்பவனாக இருக்கும். படகை ஆட்டுக்காரர் பக்கத்தில் கொண்டுபோனான். திரையில் வாக்கியம் வந்தது. ஆடு வந்தாத்தான் நான் வருவேன் என்று அவன் உரக்க, கிழவன் குரலில் இழுத்து வாசித்தான். எல்லாரும் சிரித்தார்கள். சுடலைமுத்துவும் சிரித்தார், தன் வார்த்தையைக் கேட்ட சந்தோஷத்தில். இவனை இடிச்சா அம்பது, பாருங்க என்று சொல்லிவிட்டு அவன் இடித்தான். நான் வைத்த சத்தம் கேட்டது. கைதட்டல்.

சுடலைமுத்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆசீர் பக்கம் திரும்பி, "இதாய்யா நானு?" என்று கேட்டார்.

"ஆமா" என்றார் ஆசீர்.

"ஆட்டையாவது விட்டிருக்கலாம்லா" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. யோசனை சொல்வது போலச் சொன்னார். எழுந்து, கிரீடத்தைச் சரி செய்துகொண்டு, தட்டை நீட்டினார். மையத்தின் சார்பில் நான்தான் காணிக்கை போட்டேன். எல்லாருக்கும் செய்வது போல என் நெற்றியிலும் குங்குமம் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மத்தியானம் கூட்டம் கலைந்த பிறகு ஆசீர், பழையதை எங்கே வைத்திருக்கிறீர் என்று மட்டும் கேட்டார். நான் ஃப்ளாப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது. "பிள்ளைகளைச் சொல்லிக் குத்தமில்லவே. நாம எதுக்கு மார்க் போடுதமோ அதைச் செய்யுதாங்க" என்றார். எல்லாரிடமும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். சரி என்று தலையசைத்தார். அவர் அதை நம்பினார். அதுதான் என்னை இப்போது வதைக்கிறது.

ஏனென்றால் அதற்குள் கேம் எங்கள் கையை விட்டுப் போய்விட்டது. வந்தவன் எல்லாம் பிரதி எடுத்துக்கொண்டு போயிருந்தான். இரண்டு மூன்று மாதத்தில் தூத்துக்குடியில் ஆடுகிறார்கள், நாகர்கோவிலில் ஆடுகிறார்கள் என்று செய்தி வந்தது. முதல் திரையில் 'ஆக்கம்: ஆசீர், பாளையங்கோட்டை' என்று அழகான தமிழில் இருந்ததை நான் தொடவில்லை. அதைத் தொட எனக்கு மனம் வரவில்லை என்று அப்போது பெருமையாக நினைத்துக்கொண்டேன். ஆட்களை இடித்துத் தண்ணீரில் தள்ளுகிற கேமுக்கு அவர் பெயர். டீக்கடையில், சர்ச் வாசலில், பஸ்ஸில் பிள்ளைகள் அவரைப் பார்த்து, படகு கேம் பிரமாதம் சார் என்றார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்துபோனதை நானே பார்த்திருக்கிறேன். இவ்வளவு பேருக்குப் பிடித்துப்போன ஒன்றை அது தப்பு என்று எழுந்து சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இன்னும் கேவலமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இடிக்கிற யோசனை என்னுடையது, பேர் மட்டும் அவருக்கா என்று ஒரு நாள் எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

சேர்க்கை கூடியதால் அண்ணாச்சி என்னை மையத்துக்குப் பொறுப்பாளராக ஆக்கினார். ஆசீர் ஒரு பள்ளியில் கணினி ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பித்தார். அவர் ஆசைப்பட்ட வேலை அது. வெள்ளத்தில் சாகிறவர்களை வைத்து விளையாட்டுக் காட்டியவர் நம் பிள்ளைகளுக்கு எப்படிப் பாடம் எடுப்பார் என்று நேர்காணலில் கேட்டிருக்கிறார்கள். வெள்ளத்தில் ஆட்களை இழந்த குடும்பங்கள் இருக்கிற ஊர், கேட்டதில் தப்பில்லை. என் பெயர்தான் இருக்கிறது, ஆனால் அந்த இடிக்கிற வேலை என்னுடையது இல்லை என்று மட்டும் ஆசீர் சொன்னாராம். யாருடையது என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லையாம். வேலை கிடைக்கவில்லை. கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிற ஒரு கடையில் கணினித் தட்டச்சுக்குப் போனார். நான் அந்தப் பள்ளிக்கு ஒரு நடை போயிருக்கலாம். சைக்கிளில் பத்து நிமிஷம். வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தேன்?

அதன் பிறகு ஆசீர் வேறு கேம் எழுதவில்லை. ஒரு தடவை கடைத்தெருவில் பார்த்தபோது, அந்தப் படகை மறுபடி எழுதும்வே, நானும் கூட இருந்து உதவுகிறேன் என்று கெஞ்சினேன். "இனிமே யாரு ஆடுவா? எல்லாரும் அந்தப் படகைத்தான் கேப்பாங்க" என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை. மகளுக்குச் சிலேட்டு வாங்க வந்திருந்தார், வாங்கிக்கொண்டு போனார்.

அடக்கத்துக்குப் போனேன். கல்லறைத் தோட்டத்தில் ஜெபம் முடிந்ததும் எங்கள் பழைய மாணவன் ஒருவன், இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறான், நாலு வார்த்தை பேச அனுமதி கேட்டான். நல்ல பையன், அழுதுகொண்டே பேசினான். கம்ப்யூட்டர் மேல் எனக்கு ஆசை வந்ததே ஆசீர் சாரின் படகு கேமால்தான், ஆட்டுக்காரனை இடித்து ஐம்பது வாங்கின நாளை மறக்க முடியாது என்றான். கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் கண்ணீரோடு புன்னகை செய்தார்கள். நான் பத்தடி தள்ளி நின்றேன். அப்போதாவது பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. குழிக்குள் ஒரு பிடி மண் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கிரேஸ் துக்கம் கேட்க வந்தவர்களை அனுப்பிவிட்டுத் தனியாக இருந்தார். நான் உட்காராமலே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஃப்ளாப்பியில் சேமித்தது, மார்க், பள்ளிக்கூடம், எல்லாம். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன்.

"எனக்குத் தெரியும்ண்ணே" என்றார். "நீங்க ஒரு நாளு எல்லாருக்கும் சொல்லிருவீங்கன்னு அவுக ரொம்ப நாளு சொல்லிக்கிட்டே இருந்தாவ. பொறவு சொல்லுததை விட்டுட்டாவ."

எந்த மாதத்தில் விட்டார், எந்த வருஷத்தில் விட்டார் என்று நான் கேட்கவில்லை. அதுவரைக்கும் அவர் எனக்காகக் காத்திருந்தார் என்பதுதான் ஆசீரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது. வேறு எதையும் வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. அவரைத் தெரிந்தவர்களுக்கும், அந்தப் படகை ஓட்டியவர்களுக்கும் இப்போது சொல்கிறேன். மனிதர்களை ஏற்றுவதற்குத்தான் ஆசீர் படகு விட்டார். அதை அவர்கள் மேல் ஏற்றியது நான், சங்கரன்.